ஓடிக்கொண்டிருக்கும் 64 கணினிகளை ஏலத்துக்கு அனுப்பும் கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர், செயலர், முதல்வர், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

அலுவலக அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையின் படத்தை முன்னாள் மாணவர் ஒருவர் எனக்கு அனுப்பினார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதால் இரண்டாம் கணினி ஆய்வகத்தின் 64 கணினிகளும் 'பயன்பாட்டுக்கு உகந்தவை அல்ல' என்று முடிவு செய்யப்பட்டுள்ளன. அவை கணினி ஒன்றுக்கு 900 ரூபாய் குறைந்தபட்ச விலையில் ஏலம் விடப்படும். புதிய கணினிகளுக்காக வரும் கல்வியாண்டு முதல் கணினிக் கட்டணம் பருவத்துக்கு 600 ரூபாய் உயரும் என்று அதில் இருக்கிறது. அந்த 64 கணினிகளையும் 2017 ஜூனில் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தவன் நான். 23 ஆண்டுகள் அந்த ஆய்வகத்தின் பொறுப்பாளராக இருந்து 2024 மே மாதம் ஓய்வு பெற்றேன். அவற்றில் எதற்கு மின்விசிறி சத்தம் போடும், எதற்கு விசைப்பலகை மாற்றினோம் என்பது இன்றும் எனக்கு மனப்பாடம். உகந்தவை அல்ல என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன்.

முதலில், உங்களிடம் சொல்லப்பட்டதில் எது உண்மை என்பதைப் பிரித்துக்கொள்வோம். விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29-இல். அதற்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன என்பது உண்மை. புதுப்பிப்பு வராத கணினியை இணையத்தில் விட்டுவைப்பது ஆபத்து என்பதும் உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. நம்முடைய 64 கணினிகளில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ முடியாது என்பதும் சரி. ஆனால் அந்தக் கணினிகளின் ஆயுள் முடிந்துவிட்டது என்பது மட்டும் உண்மை அல்ல. மென்பொருள் நிறுவனம் ஒன்று தன் பட்டியலில் போட்ட கோட்டையும் ஒரு இயந்திரத்தின் ஆயுளையும் ஒன்றாக எண்ணியதில்தான் இந்தச் சுற்றறிக்கை பிறந்திருக்கிறது.

அந்தக் கோடு எங்கே விழுந்தது என்று பாருங்கள். நம் கணினிகளில் இருப்பது இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ3-7100 பிராசஸர். 2021 ஜூன் 24-இல் விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்டபோது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத இன்டெல் பிராசஸரும் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் நிபந்தனை விதித்தது. எட்டாம் தலைமுறை மேசைக் கணினி பிராசஸர்கள் சந்தைக்கு வந்தது 2017 அக்டோபரில். நாம் வாங்கியது அதற்கு நான்கு மாதம் முன்பு. நம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் மென்பொருளில் டி.பி.எம். 2.0 இருக்கிறது, பயாஸ் எனும் அதன் அமைப்புத் திரையில் அதை இயக்கிப் பார்த்து, வேலை செய்கிறது என்று ஆய்வகப் பதிவேட்டில் நானே குறித்திருக்கிறேன். பிராசஸரின் பெயர் பட்டியலில் இல்லை என்பது ஒன்றுதான் தடை. அந்தப் பட்டியலும் தளராத பட்டியல் அல்ல: ஐ7-7820எச்க்யூ என்ற ஏழாம் தலைமுறை பிராசஸருக்கு, குறிப்பிட்ட சில கணினிகளில் மட்டும், பிறகு இடம் தரப்பட்டது. மைக்ரோசாஃப்டே விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-இல் இருப்பது அதுதான். தன் சொந்தப் பொருளுக்காகக் கோட்டைச் சற்று நகர்த்த ஒரு நிறுவனத்தால் முடிகிறது என்றால், அந்தக் கோட்டை இயற்கை விதிபோல எண்ணி நம் ஆய்வகத்தைக் காலி செய்யும் அவசியம் நமக்கு இல்லை.

இப்போது பணக்கணக்கு. நீங்கள் பெற்றிருக்கும் விலைப்புள்ளி கணினி ஒன்றுக்கு 47,500 ரூபாய் என்று அறிகிறேன். 64 கணினிகளுக்கு 30 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். அதை எழுதித் தந்தவர் உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒரு செய்தி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம் ஒன்று உண்டு. வணிக நிறுவனங்களுக்கு அது முதல் ஆண்டில் கணினிக்கு 61 டாலர். அடுத்தடுத்த ஆண்டுகளில் இரட்டிப்பாகும். கல்வி நிறுவனங்களுக்கு வைத்த விலை வேறு: முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2 டாலர், மூன்றாம் ஆண்டு 4 டாலர். ஆக, 2028 அக்டோபர் வரை ஒரு கணினிக்கு மொத்தம் 7 டாலர். 64 கணினிகளுக்கும் வாங்கினாலும் 448 டாலர், அதாவது ஏறத்தாழ 40 ஆயிரம் ரூபாய். 30 லட்சத்தையும் 40 ஆயிரத்தையும் ஆட்சிக்குழுக் கூட்டத்தில் ஒரே தாளில் எழுதி வைத்திருந்தால் எத்தனை உறுப்பினர்கள் ஏலத்துக்குக் கை தூக்கியிருப்பார்கள்? கல்விக்கான மென்பொருள் உரிமத்தை நமக்கு ஆண்டுதோறும் புதுப்பித்துத் தருபவரிடம் இந்த விலையைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த முதல் சேதி.

(ஆசிரியர்களும் மாணவர்களும் வீட்டில் வைத்திருக்கும் விண்டோஸ் 10 மடிக்கணினிகளுக்கும் 2026 அக்டோபர் 13 வரை இதே வகைப் புதுப்பிப்பு கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் பணம் கட்ட வேண்டியதில்லை. பலருக்கு இது தெரியாததால் கடைக்காரர் சொன்னதை நம்பிப் புது மடிக்கணினி வாங்கக் கடன் கேட்டு அலைகிறார்கள் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.)

நீங்கள் வாங்கப் போகும் நேரத்தையும் யோசிக்க வேண்டும். 2025 இறுதியிலிருந்து ரேம் நினைவகத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான நினைவகச் சில்லுகளில் லாபம் அதிகம் என்பதால் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று பெரிய உற்பத்தியாளர்களும் தங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்கும் ரேமையும், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தும் வேகமான எஸ்.எஸ்.டி.யையும் 'க்ரூஷியல்' என்ற பெயரில் விற்றுவந்த மைக்ரான், அந்த வணிகத்தையே நிறுத்திக்கொள்வதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. மொத்தமாகப் புதிய கணினிகள் வாங்க இது ஏற்ற காலம் அல்ல. அதைவிட வேதனை, நீங்கள் 900 ரூபாய்க்கு விடும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நல்ல நிலையில் ஒரு 4 ஜிபி டி.டி.ஆர்.4 ரேம் இருக்கிறது; 30 பெட்டிகளில் முன்னாள் மாணவர்கள் 2019-இல் நன்கொடையாக வாங்கித் தந்த எஸ்.எஸ்.டி. இருக்கிறது. பழைய ஹார்டு டிஸ்க்கில் நான்கு நிமிடம் எடுத்து எழுந்த கணினி அந்த மாற்றத்துக்குப் பிறகு அரை நிமிடத்துக்குள் எழுந்ததை, கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு மாணவர்களோடு நானும் பார்த்தேன். ஏலம் எடுப்பவருக்கு அந்த இரண்டு பாகங்களின் விலை நன்றாகத் தெரியும்.

இந்த ஆய்வகம் எதற்குப் பயன்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இளங்கலை கணினி அறிவியலுக்கு சி, ஜாவா, பைத்தான், இணையப் பக்க வடிவமைப்பு, வணிகவியலுக்கு டேலி கணக்கு மென்பொருள், பிற துறைகளுக்கு அலுவலக மென்பொருள். சி மொழியை இன்னமும் 1990-களின் தொடக்கத்தில் வந்த டர்போ சி++ மென்பொருளில்தான் நடத்துகிறோம். அதற்காக வாங்கப்படும் 2026-ஆம் ஆண்டின் கணினியால் மாணவர்களுக்கு ஒரு வரி கூடுதலாகப் புரியப் போவதில்லை. டேலியைத் தவிர இந்தப் பட்டியலில் விண்டோஸ் கட்டாயம் என்று எதுவும் இல்லை. பைத்தானும் ஜாவாவும், விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸில் இயல்பாக ஓடும். சி மொழிக்கு அங்கே ஜி.சி.சி. என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வேலைக்குப் போன நம் மாணவர்களில் பெரும்பாலோர் அங்கே முதலில் சந்திப்பது லினக்ஸ் சர்வரைத்தான். 'இதைக் கல்லூரியிலேயே காட்டியிருக்கலாமே' என்று என்னிடம் கேட்டவர்கள் பலர்.

இது ஏட்டளவில் சொல்லும் யோசனை அல்ல. 2021-இல், பெருந்தொற்றுக்குப் பிறகு கல்லூரி திறந்தபோது, சரிவர ஓடாத 12 கணினிகளில் அன்றைய முதல்வரின் அனுமதியோடு லினக்ஸின் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான பதிப்பை நிறுவினேன். நான் ஓய்வு பெறும்வரை மூன்று ஆண்டுகள் அவை ஓடின. சிரமமே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆய்வகத்தின் பழைய லேசர் பிரிண்டரை அவற்றோடு பேச வைக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. இரண்டு ஆசிரியர்கள் முதல் பருவம் முழுக்க அந்த வரிசைப் பக்கமே வரவில்லை. ஆனால் பென் டிரைவில் வரும் ஷார்ட்கட் வைரஸால் மற்ற கணினிகளை மாதம் ஒருமுறை துடைத்து எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அந்த 12 கணினிகளையும் அதற்காக ஒருமுறைகூட நான் தொட வேண்டியிருக்கவில்லை. தமிழ்99 விசைப்பலகையும் அவற்றில் வேலை செய்தது. தமிழ்த்துறை மாணவிகள் இருவர் தங்கள் ஆய்வேட்டை முழுக்க லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் தட்டச்சு செய்தார்கள்.

அரசுகளும் இந்த வழியில் நடந்திருக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பி-யின் ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தபோது, அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான அந்த இயங்குதளம், மாணவர்களுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு சேர்ந்து இருந்தது. நம் ஊரிலிருந்து மலையேறிக் குமுளியைத் தாண்டினால், கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு மாணவர் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வையே லினக்ஸில் எழுதுவதைக் காணலாம். அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கி இப்போது கைட் என்ற பெயரில் நடக்கும் அரசு அமைப்பு, தன் பாடத்துக்கு ஏற்ற லினக்ஸ் பதிப்பைத் தானே தொகுத்துப் பள்ளிகளுக்குத் தருகிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகளால் முடிவது இங்கே பட்டப்படிப்பு மாணவர்களால் முடியாதா?

எந்தப் பதிப்பு, எப்போது என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. மற்றொரு லினக்ஸ் வகையான உபுண்டுவின் 26.04, 2026 ஏப்ரலில் வெளிவரும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்கு ஐந்து ஆண்டு ஆதரவு. புதிது என்பதற்காக வந்தவுடனே அதை ஆய்வகத்தில் ஏற்ற வேண்டாம். நீண்டகாலப் பதிப்புகளில் முதல் சில மாதங்களில் தெரியவரும் பிழைகளைத் திருத்தி ஆகஸ்டு வாக்கில் ஒரு திருத்தப் பதிப்பு வரும். பழைய பதிப்பிலிருந்து மாறுவோருக்கு அப்போதுதான் வழி திறப்பது வழக்கம். நம் கணினிகளின் 4 ஜிபி ரேமுக்கு மின்ட் எக்ஸ்.எஃப்.சி.இ. தான் பொருந்தும் என்பது என் அனுபவம். மே மாத விடுமுறையில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் வேலை இது.

பாதுகாப்பைக் காரணம் காட்டியிருப்பதால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். மனம் வருந்த வேண்டாம். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப்பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். புதுப்பிப்பு இருந்தது, யாரும் போடவில்லை. நம் ஆய்வகத்திலும் அதே கதைதான். இணைய இணைப்பின் வேகம் போதவில்லை என்று தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வைக்கும்படி எனக்கு உத்தரவு வந்தது. புதுப்பிப்புகளை ஒரே இடத்தில் இறக்கி எல்லாக் கணினிகளுக்கும் பகிர ஒரு சிறிய சர்வர் வேண்டும் என்று 2018-லும் 2022-லும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பணியிடமும் நிரப்பப்படவில்லை. ஆதரவில் இருந்த காலத்திலேயே புதுப்பிப்பு ஏறாத ஆய்வகத்தில், 30 லட்ச ரூபாய்க்கு விண்டோஸ் 11 வந்து இறங்கினாலும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவரை, பாதுகாப்பு வந்துவிடாது.

ஏலத்தைப் பற்றி நான் இவ்வளவு அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. 2014-இல் எக்ஸ்பி முடிந்தபோதும் இப்படித்தான் 28 கணினிகளைக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்துப் புறவழிச்சாலை ஓரத்துக் காயலான் கடையில், என் கையெழுத்தில் '17' என்று எழுதிய ஒட்டுத்தாளோடு ஒரு பெட்டியைக் கண்டேன். ஹார்டு டிஸ்க் அப்படியே உள்ளே இருந்தது. 150 ரூபாய் கொடுத்து அதை மட்டும் வாங்கி வந்து பார்த்தால், அலுவலகத்துக்காகச் சில மாதம் அந்தக் கணினியைப் பயன்படுத்தியபோது சேர்ந்த கோப்புகள் எதுவும் அழிக்கப்படவில்லை. மாணவிகளின் வீட்டு முகவரி, கைபேசி எண், சாதிச் சான்றிதழ் விவரம், அகமதிப்பீட்டு மதிப்பெண் எல்லாம் இருந்தன. அந்த டிஸ்க்கை நானே உடைத்தேன். மற்ற 27 எங்கே போயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னதோடு நின்றுவிட்டேன். எழுதிக் கொடுக்காதது என் தவறு. இந்த முறை அந்தத் தவறைச் செய்ய மாட்டேன் என்பதால்தான் இது திறந்த மடலாக வருகிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டம் வந்து, அதன் விதிகளும் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. மின்னணுக் கழிவு மேலாண்மைக்கென்று 2022-இல் வகுத்த விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் இருக்க, சுற்றறிக்கையில் 'அதிக விலை கேட்பவருக்கு' என்று மட்டும் இருக்கிறது. செம்புக்காகக் கம்பியை எரிக்கும் புகை எந்தத் தெருவுக்குள் போகும் என்று அந்தச் சாலையில் நடந்தவர்களுக்குத் தெரியும்.

கட்டண உயர்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் மாணவர்களில் பாதிப் பேர் தோட்டக் கூலி வேலை செய்யும் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். வீட்டில் கணினி இல்லாத மாணவிகள் மாலை நான்கு மணிக்கு வகுப்பு முடிந்ததும் ஆய்வகத்துக்கு வந்து, ஆறேகால் கடைசிப் பேருந்துக்கு ஓடும்வரை புராஜெக்ட் செய்வார்கள். பருவத்துக்கு 600 ரூபாய் என்றால் மூன்று ஆண்டுகளில் 3,600 ரூபாய். தேவையில்லாத கொள்முதலுக்காக அதை அவர்களிடம் கேட்பதில் நியாயம் இல்லை.

ஆகவே, நான் கேட்பவை இவை. ஏல அறிவிப்பை உடனே நிறுத்தி வையுங்கள். ஆட்சிக்குழுவின் அடுத்த கூட்டத்துக்கு முன், கல்வி நிறுவனங்களுக்கான விண்டோஸ் 10 நீட்டிப்பு விலையை எழுத்தில் பெற்று, புதிய கணினிகளின் விலைப்புள்ளியோடு சேர்த்து உறுப்பினர்கள் முன் வையுங்கள். டேலிக்கும் பல்கலைக்கழகத்தின் இணையவழித் தேர்வுகளுக்கும் 20 கணினிகளை அந்த நீட்டிப்போடு விண்டோஸ் 10-இல் வைத்துக்கொண்டு, மீதமுள்ள 44-ஐ மே விடுமுறையில் லினக்ஸுக்கு மாற்ற ஒப்புதல் தாருங்கள். மதர்போர்டு பழுதான கணினிகளின் ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் கழற்றி மற்றவற்றில் பொருத்திய பிறகே எந்தப் பெட்டியும் வாசலைத் தாண்ட வேண்டும். வெளியே போகும் ஒவ்வொரு டிஸ்க்கும் அழிக்கப்பட்டதற்குக் கையொப்பமிட்ட பதிவு வேண்டும். அவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே போக வேண்டும். புதிய கணினிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2027 முதல் ஆண்டுக்கு 16 வீதம் வாங்கினால் நான்கு ஆண்டுகளில் ஆய்வகம் முழுதும் புதிதாகிவிடும். அதுவரை கணினிக் கட்டணத்தை உயர்த்தாதீர்கள். ஆய்வகப் பொறுப்பாளர் பணியிடத்தை வரும் ஜூனுக்குள் நிரப்புங்கள்.

மே மாத வேலைக்கு நான் ஊதியமின்றி வருகிறேன். முன்னாள் மாணவர்கள் மூவர் உடன் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஏலம் நிறுத்தப்பட்டதா இல்லையா என்பதை, நீங்கள் குறித்திருக்கும் ஏலத் தேதிக்கு முன் எழுத்து வடிவில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் பொறுப்பாளர்,
இரண்டாம் கணினி ஆய்வகம்